கடைசி வாரங்கள் வந்து சேராத கதை

மனசு நொந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற வயசுப் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் ரொட்டி வாங்கிக்கொண்டு போங்கள். புத்தகம்தான் கொடுப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள், அதன் கடைசி அத்தியாயத்தை முதலில் நீங்கள் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், பிள்ளை தானாகத் தேறிவிடும்.

கோபமாக எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இத்தனை நாள் பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை.

கேரளத்து எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நான் பதினொன்றாம் வகுப்பு முடிக்கவில்லை. முடிக்காததற்குக் காரணம் வசந்தா. எங்கள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவளிடம் எனக்கு இருந்தது சிநேகிதம் மட்டும் இல்லை. ஒரு பெண்ணுக்கு ஓர் ஆணிடம் வரும் என்று கதைகளில் எழுதுகிறார்களே, அந்தப் பிரியம். அவளுக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் டீச்சர் பயிற்சிக்குச் சேர்ந்து போவது, ஒரே ஊரில் வேலை வாங்குவது, ஒரே வீட்டில் இருப்பது என்று பேசி வைத்திருந்தோம். இதைக் கெட்டது என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அரைப் பரீட்சை லீவில் அவளை உடுமலைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பந்தியில் நான்தான் அப்பளம் வைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் போனது. அப்புறம் பேச்சும் போனது. வீட்டில் முதலில் பூசாரியைக் கூப்பிட்டு மந்திரித்தார்கள். கிணற்றடியில் பயந்திருப்பாள் என்று அவர் சொன்னார். அடுத்து ஊர் டாக்டர் பச்சைநிற டானிக் கொடுத்தார். உடம்பில் ரத்தம் இல்லையாம். ஒரு நாள் அம்மா தலை சீவிவிட வந்தபோது, "அம்மா, எனக்குச் செத்துப் போகணும்போல இருக்குது" என்று சொன்னேன். அவள் சீப்பைக் கீழே போட்டுவிட்டு அய்யனைக் கூப்பிட ஓடினாள். அய்யன் என்றால் அப்பா, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மறுநாள் முதல் பஸ்ஸில், அண்ணனும் அவன் பெண்டாட்டி மதினியும் சேர்ந்து வீட்டோடு கிளம்பி, சித்தூர் வழியாகப் பாலக்காடு.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. காத்திருக்கிற கூடத்தில் மர பெஞ்சுகள். எதிரில் இருந்த ஒரு கிழவர் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். அய்யன் துண்டை மடித்து மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார், ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலையே கவனித்தார். அப்படிப் பார்த்தால் அந்த ஊர்க்காரரும் பைத்தியத்துக்குத்தானே வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. பல நாட்களில் நான் நினைத்த முதல் வேடிக்கை அதுதான். வாய் திறந்து சொல்லத் தெம்பில்லை.

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். பிறகு பெரிய டாக்டர் சீட்டில் 'டிப்ரஷன்' என்று எழுதினார். சோகம் வேறு, இது வேறு. சோகத்தில் அழுதால் கொஞ்சம் ஆறும். இதில் அழுகையே வராது. தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே இருக்கும், தாகமும் இருக்கும், கையை நீட்டச் சொல்கிற ஆள் மட்டும் உள்ளே இருக்காது. சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வாரம் வந்து பார்க்கட்டும் என்று சொல்வேன். வேண்டாம், எதிரிக்கும் வேண்டாம்.

பெரிய டாக்டர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார். மலையாளக்காரர், பாலக்காட்டுத் தமிழ் நன்றாகப் பேசுவார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். நான் நம்பினேன். வசந்தாவைப் பற்றி முழுக்கச் சொன்னேன். அதைச் சொல்லி முடித்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, மணியடித்து அய்யனையும் அம்மாவையும் அண்ணனையும் மதினியையும் உள்ளே வரவழைத்தார். நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே ஒன்றுவிடாமல் அவர்களுக்குச் சொன்னார்.

"இது வயசுக் கோளாறாக்கும். கண்டமானம் நாவல் படிச்சிட்டு வர்றது. வாயனையை, இந்தப் படிக்கிறதை, நிறுத்தணும். கொஞ்சம் தேறினதும் கல்யாணம் பண்ணி வைங்கோ, எல்லாம் சரியாகும், கேட்டோ."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் மேசைக்காலைப் பார்த்தான். அய்யன், "ஆகட்டுங்க" என்றார். மாமன் மகன் ஒருவன் இருந்தான், கேட்கவே வேண்டாம், உரிமை மாப்பிள்ளை. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த அன்றைக்கே எனக்கு முகூர்த்தம் பார்க்கிற வேலை தொடங்கிவிட்டது. காய்ச்சல்காரிக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிற வைத்தியம் இது. படித்தவர் எழுதிக் கொடுத்ததால் மருந்து என்று பெயர்.

மாத்திரை உதவியது, அதில் பொய் சொல்ல மாட்டேன். நாக்கு வறண்டுபோகும், கை நடுங்கும், மலச்சிக்கல் உயிரை எடுக்கும், ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. கரண்டும் வைத்தார்கள். வெறும் வயிற்றில் கூட்டிப்போய், மயக்க ஊசி போட்டு, பல்லுக்கு நடுவே ரப்பர் வைத்து, நெற்றிப்பொட்டில் மின்சாரம் கொடுப்பது. எனக்கு வலி தெரியவில்லை. எழுந்தால் தலை கனக்கும், வாய் உப்புக் கரிக்கும். என் பெயர் தெரியும், முந்தைய நாள் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. அடுத்த கட்டில்காரிக்கு அதனால் நல்ல குணம் தெரிந்தது. எனக்கும் சாப்பாடு இறங்கத் தொடங்கியது. மருந்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. மருந்தோடு சேர்த்துத் தந்த புத்திமதியின்மேல்தான் கோபம்.

அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பைஸ்டாண்டர் என்பார்கள். அம்மாவுக்கு மாடு கன்று இருந்தது, அதைவிட முக்கியமாக என் முகத்தைப் பார்க்கப் பயம் இருந்தது. அதனால் மதினி தங்கினாள். அண்ணனைக் கட்டி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். அவளோ, "நங்கையாவது நுங்காவது, மதினின்னு கூப்பிடு புள்ள" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா உடுமலைப் பக்கத்திலிருந்து ஏலக்காய் வியாபாரத்துக்கு மலையேறிச் சாந்தன்பாறையில் கடை வைத்தவர். அவள் எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்தவள். எங்களைப் போல வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் பேச்சில் 'ங்க' வராது. அதற்காக எங்கள் வீட்டு ஒறம்பரைச் சனம், சொந்தபந்தமெல்லாம், அவளை மரியாதை தெரியாதவள் என்றது. எனக்குத் தெரிந்து அந்த வீட்டிலேயே மரியாதை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

டாக்டர் என் கதையை அம்பலத்தில் வைத்த அன்று மாலை எல்லோரும் போன பிறகு, அவள் எனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

"அந்தப் புள்ள வசந்தா, நல்லாச் சிரிக்குமோ?" என்று கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். "சிரிப்பா. சத்தமா" என்றேன்.

"அதான பாத்தேன். நீ உம்முணாமூஞ்சி. உனக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்று ஒரு சுளையை என் வாயில் திணித்தாள். அவ்வளவுதான் அவள் செய்த விசாரணை.

நாவல் கூடாது என்று டாக்டர் சொன்னாரே தவிர, 'நல்ல புத்தகம்' கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே வந்து பார்த்த ஒவ்வொருவரும் நல்ல புத்தகம் கொண்டுவந்தார்கள். பத்தினிப் பெண்களின் கதைகள். இல்லறத்துக்கு அறிவுரை. ஒரு பெரியப்பா மகன் மனோதத்துவக் கேள்வி பதில் புத்தகம் வாங்கி வந்தான். பதினேழு வயசுப் பிள்ளை ஒருத்தி தன் தோழியைப் பற்றிக் கேட்டிருந்த கேள்விக்கு, இது ஒரு விகாரம், உடனே மணம் முடித்து வைக்கவும் என்று பதில் போட்டிருந்தது. அவனுக்கு அது தெரிந்து கொடுத்தானா, தெரியாமல் கொடுத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அயோக்கியன், தெரியாவிட்டால் முட்டாள், இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு இடம் கிடையாது.

மதினி எல்லாவற்றையும் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அவளுக்கு மூக்கு விடைத்தது.

"ஒண்ணு சாகுறா. இல்லாட்டிப் பயித்தியம் பிடிக்கி. அதும் இல்லாட்டிக் கலியாணம் முடிச்சுத் திருந்திப் போறா. இந்தப் பயலுக எல்லாம் ஒரே எடத்துல உக்காந்து எழுதுனாய்ங்களா? நோக்காட்டுல கெடக்குற புள்ளைக்குக் குடுக்குற சாமானா இது?"

அடுத்த முறை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது தூக்குச்சட்டிப் பையின் அடியில் பழைய சேலையில் சுற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அவள் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த பெட்டியில் இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, மைதா பசை தடவி, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிய புத்தகம். அப்போது படிக்கிற வீடுகளில் எல்லாம் பெண்பிள்ளைகள் இப்படிப் பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். கதையின் பெயரை நான் எழுத மாட்டேன். எழுதியவருக்கு இன்னொரு வாசகரைத் தேடிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ராஜம், பாக்கியம் என்று இரண்டு பெண்கள். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. ஒரே அறையில் குடியிருக்கிறார்கள். ஒரு குடை. மழையில் இரண்டு பேரும் அந்தக் குடைக்குள் போகிற படம் ஒரு வாரம் முழுப்பக்கத்துக்கு வந்திருந்தது. எழுதியவர் எங்கேயும் பிரியம் என்ற சொல்லைப் போடவில்லை. ஆனால் ராஜத்துக்குக் காய்ச்சல் என்றால் பாக்கியத்துக்குச் சோறு இறங்காது. ஊருக்கு ராஜம் போனால் பாக்கியம் இரண்டு டம்ளர் கழுவி வைப்பாள். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், ஐயா. அச்சில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றைப் பார்த்தேன். உலகத்தில் நானும் வசந்தாவும் மட்டும் இப்படி இல்லை, யாரோ ஒருவர் எங்கேயோ இதைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்ததே எனக்குப் பாதி மருந்து.

மதினி வைத்திருந்த கடைசி வாரத்தில் அவர்கள் முதல்முதலாக ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். பற்றவைத்தால் பற்றவில்லை. மாறி மாறி பம்ப் அடித்து முகமெல்லாம் கரியாகிச் சிரித்து, கடைசியில் வாழைப்பழம் தின்றுவிட்டுப் படுக்கிறார்கள். அத்தோடு புத்தகம் நின்றுவிட்டது.

"மீதி எங்கே மதினி?"

"வரல. அந்த மழைக்குப் போடிமெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸே ஓடல. போடியிலருந்துதான எங்களுக்குப் பத்திரிகை வரும்? ரோட்டைச் சரி பண்றதுக்குள்ள எத்தனையோ வாரம் போச்சு. அப்புறம் பாத்தா வேற கதை ஓடுது. பழசைக் கேட்டா, திருப்பி அனுப்பிட்டேன்னுட்டாரு ஏஜண்டு."

"முடிவே தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது. தெரியாமலேதான் இத்தனை வருசமா வச்சிருக்கேன். அதனாலதான் உனக்குக் கொண்டாந்தேன்" என்றாள்.

கரண்டு வைத்த நாட்களில் படித்தது மறந்துபோகும். மதினி மறுபடி முதலிலிருந்து வாசித்துக் காட்டுவாள், 'நேத்துத்தான சொன்னேன்' என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஸ்டவ் வரும்போது இரண்டு பேரும் சிரிப்போம். சிஸ்டர் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகம் தலையணை உறைக்குள் போகும். நான் தானாக எழுந்து குளித்தேன். சட்டினி காரம் இல்லை என்று குறை சொன்னேன். பெரிய டாக்டர், "மருந்து பிடிச்சிருக்கு" என்றார். பிடித்துவிட்டுப் போகட்டும், நான் மறுக்கவில்லை.

அண்ணன் பழனிச்சாமி நல்லவன். நல்லவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். நான் எப்படித் தேறினேன் என்று மதினி அவனிடம் சொல்லியிருக்கிறாள். பாதியில் நிற்கிற கதையைத் தங்கச்சி படித்துக்கொண்டிருப்பதா என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. நிலக்கடலை மூட்டையோடு கோயமுத்தூர் போனவன், சந்தை முடிந்து கடை கடையாக ஏறி அந்தக் கதையின் அச்சுப் புத்தகத்தைத் தேடி வாங்கிவிட்டான். மதினி துணி துவைக்கக் குழாயடிக்குப் போயிருந்த நேரம் வார்டுக்குள் வந்து, பெருமையாக என் கையில் கொடுத்தான்.

"இந்தா கண்ணு. முழுசும் இருக்குது. ஒரு பக்கங்கூட உட்டுப்போகலை, பாத்துத்தான் வாங்குனேன்."

பக்கத்தைத்தான் எண்ணிப் பார்த்திருக்கிறான். படித்துப் பார்க்கவில்லை.

ஸ்டவ் அத்தியாயத்தைத் தாண்டி நான் படித்தேன். அடுத்ததில் பாக்கியத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அதற்கடுத்ததில் கல்யாணம். பிறகு ராஜம் ஆற்றுக்குப் போகிறாள், திரும்பி வரவில்லை. பாக்கியம் தனக்குப் பிறந்த பெண்ணுக்கு ராஜம் என்று பெயர் வைக்கிறாள். எழுதியவர் கடைசிப் பக்கத்தில் ராஜத்தைத் தியாகச்சுடர் என்று கும்பிடுகிறார்! அத்தனை வாரம் இரண்டு பேரையும் ஒரே குடையில் நடக்க வைத்துவிட்டு, எங்கே இறக்கிவிடுவது என்று தெரியாமல் ஆற்றில் தள்ளிவிட்டுக் கும்பிடு போடுகிறார். கல்நெஞ்சக்காரர் என்றால் எனக்குச் சிரமமில்லை. கண்ணீர் விட்டுக்கொண்டே எழுதியிருப்பார், அதுதான் எனக்குப் பற்றி எரிகிறது.

அன்றைக்கு எனக்கு இந்தக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் பிழைத்தேன். எனக்கும் இதுதான் விதித்திருக்கிறது, அச்சிலேயே போட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்தவள் எழவில்லை. சாப்பாடு மறுபடி நின்றது. ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். மதினியின் கையைப் பிடித்து, "எனக்குப் பயமா இருக்குது. என்னைத் தனியா உட்டுப்போட்டுப் போயிராதீங்க" என்று சொன்னேன். அவள் போகவில்லை. கழிப்பறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று எஸ்டேட் பாட்டு ஒன்றைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டிருந்தாள், அவள் அங்கேயே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிவதற்காக.

பெரிய டாக்டர் வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்று அண்ணனைக் கேட்டார். திரும்ப முதலிலிருந்து கரண்டு வைக்க வேண்டும் என்றார். கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளாமல் இந்த மாசமே வைத்துவிடுங்கள், மனசு திரும்பும் என்றார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அய்யனுக்கு ஆள் போயிற்று.

அய்யன் மத்தியான பஸ்ஸில் வந்தார். முகூர்த்தம் குறித்த மஞ்சள் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. வார்டுக்கு வெளியே, நோயாளிகளின் துணி காய்கிற வராந்தாவில் நின்று, "என்னத்தைப் படிச்சு இப்புடி ஆச்சு?" என்று மதினியிடம் கேட்டார். என் கட்டில் சன்னலை ஒட்டி இருந்ததால் எல்லாம் கேட்டது.

வேறு மருமகளாக இருந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போயிருப்பாள். மதினி புத்தகத்தை எடுத்துவந்தாள். "உக்காருங்க மாமா. நானே வாசிக்கேன். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அய்யனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். கதை கேட்கிற ஆளே இல்லை. தண்ணீர் பாய்ச்சுகிற முறை, கடலை விலை, இதற்கு மேல் பேச்சு வராது. அவர் படியில் உட்கார்ந்தார். மதினி ஸ்டவ்விலிருந்து ஆரம்பித்தாள். பற்றவில்லை என்ற இடத்தில் அவர், "பம்ப்புல வாசர் போயிருக்கும்" என்றார். கல்யாணம் வந்தது. ஆறு வந்தது. மதினி நிறுத்தாமல் கும்பிடு வரைக்கும் வாசித்து முடித்தாள்.

அய்யன் துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"அந்தப் புள்ளைக்கு, ராசத்துக்கு, அப்பன் இருந்தானா?" என்று கேட்டார்.

"இருந்தாரு மாமா. மொத வாரத்துல பஸ் ஏத்திவிட வந்தாரு."

"அப்பறம்?"

மதினி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். "அப்புறம் கதையில காணோம்."

"அந்தப் புள்ளை ஆத்துக்குப் போறப்ப?"

"இல்ல மாமா."

அய்யன் எழுந்துவிட்டார். "பெத்த புள்ளை ஆத்துக்கு நடந்து போற வரைக்கும் அவன் எங்கே என்னத்தப் புடுங்கீட்டு இருந்தானாமா?" என்று சத்தம் போட்டார். காய்ந்த துணியை எடுக்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அதை எழுதினவன் உள்ளே ஒளிந்திருக்கிறான் என்பதுபோல. பிறகு விறுவிறுவென்று டாக்டரின் அறைக்குப் போனார். மதினியும் பின்னாலேயே போனாள், அங்கே நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

"கண்ணாலம் இல்லைங்க டாக்டரே. வைத்தியம் எது உண்டோ அதைப் பாருங்க. மருந்து குடுங்க, தேறட்டும். கண்ணாலப் பேச்சு இனிமே எம் புள்ளைகிட்டப் பேச வேண்டாமுங்க."

"அப்புறம் இந்தச் சீக்கு, அசுகம், மாறலேன்னா என்னைக் குறை சொல்லக் கூடாது, கேட்டோ."

"மாறலீன்னா எம் புள்ளை எங்கூட்டுலயே இருந்துட்டுப் போகுதுங்க. எனக்குத் தோட்டம் இருக்குது."

திரும்பி வந்து சன்னலுக்கு வெளியே நின்று, "சோறு உண்டயா அம்மிணி?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். "உண்ணு" என்றார். மஞ்சள் சீட்டைப் பீடியோடு சேர்த்து மடித்துக் கொளுத்தியதாக அண்ணன் பிற்பாடு சொன்னான், நான் பார்க்கவில்லை.

அய்யனைத் தெய்வமாக்கி எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வசந்தாவின் பெயரை அவர் இதுவரை வாயால் சொன்னதில்லை. அவள் பிரசவத்துக்கு ஊருக்கு வந்தபோது, என்னை அந்தத் தெருப்பக்கம் போகாதே என்று அம்மா மூலமாகச் சொல்லியனுப்பினார். நான் அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை. பெற்ற பிள்ளையை உயிரோடு வைத்துக்கொள்வதற்கு நன்றி வேறு வேண்டுமா? ஆனால் சட்டினிக்குக் காரம் போதாது என்று மறுபடி நான் சொன்ன நாளில், வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் மிளகாய்ப்பொடி வந்தது. கொண்டுவந்தது அவர்தான்.

மருந்து தொடர்ந்தது. தேற நாளாயிற்று, நடுவில் இன்னொரு முறையும் விழுந்து எழுந்தேன். இப்போது எங்கள் ஊர் வாயனசாலையில் சாயங்காலம் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன். மலையாளப் புத்தகங்களுக்கு நாலு அலமாரி, தமிழுக்கு ஒன்று. அந்த ஒன்றை நானும் மதினியும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை படித்துவிட்டோம். முகம் வாடிப்போய் வருகிற பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது, எதை உள்ளே தள்ளி வைப்பது என்று எங்களுக்குத் தெரியும். என்னைப் போன்ற பிள்ளைக்குக் கொடுக்க அதில் ஒன்றுகூட இல்லை.

அதனால் ஒன்று செய்தோம். அண்ணன் வாங்கி வந்த அச்சுப் புத்தகத்தை மதினி அரிவாள்மனையில் வைத்து ஸ்டவ் அத்தியாயத்தோடு அறுத்தாள். கல்யாணமும் ஆறும் கும்பிடும் சந்தையில் கடலை வறுக்கிறவருக்குப் போயின, நல்ல கெட்டித் தாள் என்று அவர் சந்தோஷப்பட்டார். மீதியைத் தைத்துப் பசை தடவி அட்டை போட்டு அலமாரியில் வைத்தோம். வாயனசாலை செக்ரட்டரி பார்த்துவிட்டு, கிழிந்த புத்தகத்தை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கத்தினார். நானும் கத்தினேன். புத்தகம் அங்கேயேதான் இருக்கிறது.

போன வாரம் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை அதைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். எடுத்துப் போகும்போது என் முகத்தைப் பார்க்காதவள், இப்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இதுல கடைசியைக் காணமுங்க."

"போடிமெட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு கண்ணு. அதுக்கு மேல வண்டி வரலை."

அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. புத்தகத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த ஸ்டவ்வு, அப்பறமாச்சும் பத்துச்சுங்களா?"

"பத்துச்சு. வாசர் போயிருந்துது, வேற மாத்துனாங்க. ரண்டு பேரும் காப்பி வச்சுக் குடிச்சாங்க. இன்னமும் அந்த ஊட்டுலதான் குடியிருக்கறாங்க" என்றேன்.